உப்பளத் தெருவில் டோரா

எங்கள் தெருப் பிள்ளைகள் டிவியில் பார்த்த முதல் முயல் சிங்களத்தில் பேசியது.

1982-ல் எனக்கு 12 வயது. ஊர், தூத்துக்குடியை ஒட்டிய முத்தையாபுரம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்றே தொடங்கிவிட்டது. ஆனால் அதன் அலை எங்கள் ஊர் வரை வரவில்லை. எங்களுக்கு வந்தது கடல் தாண்டிய அலைதான். 1982 பிப்ரவரி 15-ல் ஜப்பான் உதவியோடு இலங்கையில் ரூபவாஹினி தொலைக்காட்சி ஆரம்பமானது. அதன் டவரை அந்தத் தீவிலேயே உயரமான பேதுருதாலகால மலை உச்சியில் நிறுத்தியிருந்தார்கள். இந்தப் பக்கம் நாங்கள் 40 அடி இரும்புப் பைப்பில் ஆன்டெனாவை ஏற்றி, பூஸ்டர் மாட்டி, தென்கிழக்கே திருப்பி வைத்தால் போதும், படம் வந்துவிடும். காற்று கிளம்பினால் ஆன்டெனா திரும்பிக்கொள்ளும். ஒருவன் மொட்டை மாடியில் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க, இன்னொருவன் வாசலில் நின்று “வருது, வருது... போச்சு, இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம்” என்று கத்துவான். மாடியில் நின்ற பையன் பல நாள் நான்தான். பின்னாளில் என் பிழைப்பே அதுவாகும் என்று அப்போது தெரியாது.

எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில் டிவி இருந்தது. துறைமுகத்தில் வேலை பார்த்தவர் வீடு. தமிழ்ச் செய்தியும் எப்போதாவது தமிழ்ப் படமும் வரும்போது பெரியவர்கள் கூடுவார்கள். சாயங்காலம் எங்கள் நேரம். கேரட் கடித்துக்கொண்டே எல்லோரையும் ஏமாற்றும் ஒரு முயல் வரும். அது பேசும் ஒரு சொல்லும் எங்களுக்குப் புரியாது. ஆனாலும் ‘ஹாவா’ என்றால் முயல் என்று நாங்களே கண்டுபிடித்துக்கொண்டோம்.

அந்த முயலுக்குப் பின்னால் இருந்த மனிதரைப் பற்றி 2011 அக்டோபரில் அவர் இறந்த செய்தி வந்தபோதுதான் அறிந்தேன். டைட்டஸ் தொட்டவத்த. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ என்ற 1956-ஆம் வருடப் படத்தின் எடிட்டர். ரூபவாஹினிக்கு வந்த பிறகு வெளிநாட்டுக் கார்ட்டூன்களைச் சிங்களத்தில் பேச வைத்தவர். பக்ஸ் பன்னி அவர் கையில் ‘ஹா ஹா ஹரி ஹாவா’ ஆனது. டாக்டர் டூலிட்டில் ‘தொஸ்தர ஹொந்தஹித்த’ ஆனார். சொல்லுக்குச் சொல் மாற்றாமல், சிங்களப் பிள்ளை தன் வீட்டில் கேட்கிற பேச்சையே அந்தப் பாத்திரங்களின் வாயில் வைத்தார் என்று இலங்கை நண்பர்கள் சொல்வார்கள். இன்றைக்கும் அங்கே 40, 50 வயதுக்காரர்கள் அந்தப் பெயர்களைச் சொன்னால் முகம் மலர்ந்துவிடுகிறார்கள். ஒரு மொழியின் பிள்ளைகளுக்கு டிவி என்ன செய்ய முடியும் என்பதை நான் முதலில் பார்த்தது என் மொழியில் அல்ல. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

80-களின் பிற்பகுதியில் கொடைக்கானல் டவர் வந்தது. ஆன்டெனாக்கள் எல்லாம் தென்கிழக்கிலிருந்து வடமேற்குக்குத் திரும்பின. சென்னையின் தமிழ் எங்கள் வீட்டுக்குள் வந்தது. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். ‘கண்மணிப் பூங்கா’வைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. அது சிறுவர் நிகழ்ச்சி. பிள்ளைகள் வந்து பாடுவார்கள், ஆடுவார்கள், கதை சொல்வார்கள். பின்னால் ஒரு திரைச்சீலை, முன்னால் பயந்துபோன சில முகங்கள், அவ்வளவுதான். கேமராவை எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே பாடிய ஒரு பாவாடைச் சட்டைச் சிறுமி இப்போதும் நினைவில் இருக்கிறாள். அதில் மினுக்கம் ஒன்றும் கிடையாது. ஆனால் டிவிக்குள் இருந்த பிள்ளையும் டிவிக்கு வெளியே இருந்த பிள்ளையும் ஒரே மாதிரி இருந்தார்கள், ஒரே மாதிரி பேசினார்கள். அந்தப் பொருத்தம் பிறகு எங்களுக்கு வாய்க்கவே இல்லை.

மற்ற நேரமெல்லாம் டெல்லியிலிருந்து வரும் இந்தி நிகழ்ச்சிகள்தான். 1993-ல் ஞாயிற்றுக்கிழமைகளில் மௌக்லி வந்தான். ஜப்பான்காரர்கள் எடுத்த ‘ஜங்கிள் புக்’, இந்தியில். குல்சார் பாட்டு எழுத, விஷால் பரத்வாஜ் இசையமைத்திருந்தார். ஷேர்கானுக்குக் குரல் நானா படேகர். எங்கள் ஊர்ப் பொடியன்கள் அந்த இந்திப் பாட்டை ஒரு எழுத்து பிசகாமல் பாடுவார்கள். அர்த்தம் கேட்டால் முழிப்பார்கள். காட்டில் வளர்ந்த பையன் ஓநாய்களோடு பேசுகிறான், கரடியோடு பேசுகிறான், எங்களோடு மட்டும் பேசவில்லை.

அதற்குள் நான் கேபிள்காரன் ஆகிவிட்டேன். ஐ.டி.ஐ. முடித்து ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவன், 1992-ல் 60 வீடுகளுக்கு வயர் இழுத்தேன். மாடியில் 12 அடி வலை டிஷ், கீழே ஒரு அறையில் ரிசீவர், மாடுலேட்டர், ஒரு வி.சி.ஆர். மதியம் ஒரு படம், இரவு ஒரு படம், நடுவே ஸ்டார் சேனல்கள். 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி வந்தது. ஆரம்பத்தில் நாளுக்குச் சில மணி நேரம்தான் ஓடும். மீதி நேரத்தை நிரப்பியது என் வி.சி.ஆர்.தான்.

சிங்கப்பூரில் இருந்த சொந்தக்காரர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது ‘டாம் அண்ட் ஜெர்ரி’ கேசட் மூன்று கொண்டுவந்து கொடுத்தார். பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் பார்த்து, நாலரை மணிக்கு ஒன்றைப் போட்டுவிட்டேன். மறுநாள் நாலே காலுக்கே என் கடை வாசலில் பத்து பதினைந்து பேர். “அண்ணாச்சி, இன்னைக்கும் எலி உண்டா?” அன்றிலிருந்து இரண்டரை வருடம் தினமும் ஒரு மணி நேரம் அந்த மூன்று கேசட்டையே மாற்றி மாற்றி ஓட்டினேன். பிள்ளைகள் அதற்கு ‘அண்ணாச்சி கார்ட்டூன்’ என்று பெயர் வைத்தார்கள். டேப் தேய்ந்து திரையில் கோடு விழும். ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு மறுபடி போடுவேன். உரிமை, அனுமதி என்பதெல்லாம் அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. கேபிள் டிவிக்கான சட்டமே 1995-ல்தான் வந்தது. அதன்பின் தலைமைத் தபால் நிலையத்தில் போய்ப் பதிவு செய்துகொண்டோம். சிறுவர்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கும் வழக்கம் பெரிய கம்பெனிகளின் கண்டுபிடிப்பு என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த நாலரை மணிதான் ஞாபகத்துக்கு வரும். தமிழ்நாட்டில் எத்தனையோ கேபிள் அறைகளில் இதுபோல ஒரு வேளை இருந்தது. எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை.

1995 மே 1-ல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தது. நாள் முழுக்கக் கார்ட்டூன் என்பது அமெரிக்காவிலேயே 1992 அக்டோபரில்தான் தொடங்கியிருந்தது. டெட் டர்னர் என்பவர் பழைய எம்.ஜி.எம். படங்களை மொத்தமாக வாங்கினார், பிறகு ஹன்னா-பார்பெரா ஸ்டூடியோவையும் வாங்கினார். கையில் மலைபோலக் குவிந்த படச்சுருளை என்ன செய்வது என்று பார்த்தபோது பிறந்ததுதான் அந்தச் சேனல். டாமும் ஜெர்ரியும் 1940-ல் பிறந்தவர்கள். என் அப்பா பிறந்த வருடமும் அதுதான்.

அந்தச் சேனலில் ஒரு சங்கடம் இருந்தது. பகலில் கார்ட்டூன். இரவானால் அதே அலைவரிசையில் டி.என்.டி. என்று பழைய ஆங்கிலப் படங்கள் ஓடும். “டாம் எங்க போனான்?” என்று அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓர் அப்பா இரவில் என் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். நான் ஏதோ நிறுத்திவிட்டேன் என்று நினைத்துவிட்டார். 2001-ல் சேனல் 24 மணி நேரமானபின் அந்தத் தொல்லை தீர்ந்தது.

ஆனால் மொழி தீரவில்லை. டாமும் ஜெர்ரியும் வாயே திறக்க மாட்டார்கள், அதனால் ஓடினார்கள். ஸ்கூபி டூ வந்தால், ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ் வந்தால் எங்கள் பிள்ளைகள் எழுந்து விளையாடப் போய்விடுவார்கள். முன்னால் ஓடுகிற ஆளைத்தான் பார்க்கிறார்கள், அவன் ஏன் ஓடுகிறான் என்பது தெரியாது. அவர்கள் பார்த்தது பாதிக் கதை.

2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் கார்ட்டூன் தமிழ் பேச ஆரம்பித்தது. அது எப்படி வீட்டுக்கு வந்தது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். டிஜிட்டல் ரிசீவர் வந்தபின், செயற்கைக்கோளிலிருந்து ஒரே படத்தோடு இரண்டு மூன்று மொழிகளில் ஒலி சேர்ந்து இறங்கும். ரிசீவர் ரிமோட்டில் ‘ஆடியோ’ என்று ஒரு பொத்தான். ஒருமுறை அழுத்தினால் ஆங்கிலம், இன்னொருமுறை அழுத்தினால் இந்தி, அடுத்தது தமிழ். இன்று செட்-டாப் பாக்ஸ் வைத்திருப்பவர்கள் தங்கள் வீட்டிலேயே இதை மாற்றிக்கொள்ளலாம். அன்றைக்கு அப்படி இல்லை. ரிசீவர் என் அறையில் இருக்கும். அதிலிருந்து மாடுலேட்டருக்கு ஒரு படம், ஓர் ஒலி, அவ்வளவுதான் போகும். நான் எதை அழுத்துகிறேனோ அதுதான் என் வயரில் இருக்கும் 600 வீட்டுக்கும்.

அன்று கண்ட்ரோல் ரூமில் தனியாக இருந்தேன். சும்மா சோதித்துப் பார்க்கலாம் என்று பொத்தானை அழுத்தினேன். மானிட்டரில் இருந்த கார்ட்டூன் நாய் ‘ஐயோ’ என்றது.

நான் எத்தனையோ டிவி பழுது பார்த்தவன், டிஷ் ஏற்றியவன். ஆனாலும் உடம்பு சிலிர்த்துவிட்டது. வயரில் விட்டேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, பக்கத்துத் தெருவில் இருந்து ஒரு பொடியன் ஓடி வந்து மூச்சு வாங்க நின்றான். “அண்ணாச்சி, நாய் தமிழ் பேசுது!” என்றான். சொல்லிவிட்டு ஓடிவிட்டான். முழுசாகக் கேட்க வேண்டுமே.

மறுநாளே புகார் வந்தது. ஆங்கிலப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருந்த ஒருவர் நேரில் வந்தார். நல்ல மனிதர், மாதா மாதம் பணத்தை முதல் தேதியிலேயே கொடுப்பவர். “ஃபீஸ் கட்டி இங்கிலீஷ் படிக்க வைக்கிறோம். கார்ட்டூன் பார்த்தாவது ரெண்டு வார்த்தை கத்துக்குவான்னு இருந்தோம். அதையும் கெடுத்துட்டீங்களே அண்ணாச்சி. மாத்துங்க” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. மாற்றினேன். அன்று சாயங்காலம் உப்பளத் தெருவிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். அளத்து வேலையில் கால் வெடித்துப்போனவர்கள். “தமிழ்ல வந்துச்சாம்லா, பிள்ளைய அழுவுது. ஏன் எடுத்துட்டீய?” என்று கேட்டார்கள்.

உப்பளத் தெருவின் கதை தெரிந்தால்தான் அந்தக் கேள்வியின் கனம் புரியும். அளத்து வேலைக்கு விடியும் முன்பே கிளம்ப வேண்டும். வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரி முடிக்க வேண்டும். தாயும் தகப்பனும் போய்விடுவார்கள். பிள்ளைகள் தாமே எழுந்து, பழையதைச் சாப்பிட்டு, சடை பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போக வேண்டும். அந்த இரண்டு மூன்று மணி நேரம் வீட்டில் பெரியவர் குரலாக இருந்தது டிவிதான். காலை ஐந்தரைக்கே எனக்குப் போன் வரும். “அண்ணாச்சி, படம் புள்ளி புள்ளியா வருது.” பேசுவது எட்டு வயதுப் பிள்ளையாக இருக்கும். உப்புக்காற்றுக்குக் கனெக்டரில் களிம்பு ஏறிவிடும் ஊர் இது. ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் வயர் நுனியைச் சீவிப் புதுக் கனெக்டர் மாட்டிக் கொடுப்பேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, உப்பு வேலை கிடையாது, கேபிள் பணமும் வராது. கனெக்ஷனை வெட்டு என்று லைன்மேன் சொல்வான். அந்தத் தெருவில் வெட்டியதில்லை.

தமிழையே வைத்தேன். முதல் தேதியில் பணம் கொடுத்தவர் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. 2004 டிசம்பர் 17-ல் டிஸ்னி சேனலும் டூன் டிஸ்னியும் இந்தியாவுக்கு வந்தன. டூன் டிஸ்னி தமிழிலும் தெலுங்கிலும் ஒலித்தது. அப்புறம் பிரச்சினையைப் பிரித்துக்கொண்டேன். ஒரு சேனல் ஆங்கிலத்தில், இன்னொன்று தமிழில். இருவர் வீட்டிலும் சமாதானம். டூன் டிஸ்னியில் வந்த ‘ஜெட்டிக்ஸ்’ நேரத்தில் பவர் ரேஞ்சர்கள் தமிழில் சவால் விட்டார்கள். தார்ப்பாய் மூடிய உப்புக் குவியல்களில் ஏறி நின்று பொடியன்கள் அதையே கத்திக் குதித்தார்கள்.

அதே காலத்தில் சன் டிவியில் ‘மை டியர் பூதம்’ ஓடியது, 2004 முதல் 2007 வரை. மூசா என்ற குட்டிப் பூதமும் அவன் நண்பர்களும். இது டப்பிங் இல்லை. தமிழில் யோசித்து, தமிழ்ப் பிள்ளைகளை நடிக்க வைத்து எடுத்தது. அந்த நேரத்தில் கரண்ட் போனால் மின்வாரியத்துக்கு அடுத்தபடி எனக்குத்தான் அதிகம் போன் வரும். நம் பிள்ளைகள் நம் முகத்தைப் பார்க்கக் காத்திருந்தார்கள் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

சுட்டி டிவி வந்த நாள் எனக்கு மறக்காது. 2007 ஏப்ரல் 29, ஞாயிற்றுக்கிழமை. முந்தின இரவு உலகக் கோப்பை இறுதிப் போட்டி, பார்படாஸில் ஆஸ்திரேலியாவும் இலங்கையும். மழையால் தாமதமாகி, அங்கே கிட்டத்தட்ட இருட்டில் முடிந்தபோது இங்கே விடியப்போகும் நேரம். கடை முன் கூடியிருந்தவர்கள் கலைந்து போனார்கள். நான் தூங்காமல் கண்ட்ரோல் ரூமிலேயே இருந்தேன். புதிய சேனலுக்கு ஒரு மாடுலேட்டரைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

அதை எந்த இடத்தில் போடுவது என்பதுதான் எனக்குப் பெரிய யோசனை. பழைய பிளாக் அண்ட் ஒயிட் செட்டுகளில், அந்தச் சாலிடேர், டயனோராக்களில், திருகுகிற டியூனர். 12-க்கு மேல் சேனல் எடுக்காது. அந்த முன்வரிசை இடங்களுக்குப் பெரிய சேனல்கள் போட்டி போடும். உப்பளத் தெருவில் பாதி வீட்டில் அந்தச் செட்டுகள்தான். அரசின் இலவசக் கலர் டிவித் திட்டம் 2006 செப்டம்பர் 15-ல் தொடங்கியிருந்தாலும் அந்தத் தெருவின் முறை அப்போது வரவில்லை. ஓர் ஆங்கிலச் செய்திச் சேனலைப் பின்னால் தள்ளிவிட்டு அந்த இடத்தில் சுட்டியைப் போட்டேன். செய்திச் சேனல் எங்கே என்று கேட்டு வந்தவர்கள் மூன்று பேர்.

தமிழுக்கென்றே தனியாக முழுநேரச் சிறுவர் சேனல் அதுவரை கிடையாது. மற்ற சேனல்களில் தமிழ் ஒலி மூன்றில் ஒன்று. இதில் ஒலி ஒன்றே, அது தமிழ். என் பொத்தானுக்கு வேலை இல்லாமல் போனது. 2009-ல் அதே குழுமம் தெலுங்கில் குஷி, கன்னடத்தில் சின்டு, 2011-ல் மலையாளத்தில் கொச்சு என்று சேனல்களைத் தொடங்கியது. கொஞ்ச நாளில் 14 இன்ச் கலர் டிவிகள் எங்கள் ஊருக்கும் வந்தன. டிவியே இல்லாதிருந்த வீடுகளுக்குள் முதல் டிவியும் தமிழ்ச் சிறுவர் சேனலும் ஒரே சமயத்தில் நுழைந்தன. அந்த ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகள் வளர்ந்த விதமே மாறியதற்கு இந்த இரண்டும் கைகோத்ததுதான் காரணம் என்பேன்.

சுட்டியில் ‘டோராவின் பயணங்கள்’ வந்தது. டோரா 2000-ல் அமெரிக்காவில் பிறந்தவள். அங்கே அவள் ஆங்கிலம் பேசிக்கொண்டே பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் சொல்லிக் கொடுப்பாள். இங்கே தமிழ் பேசிக்கொண்டு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தாள். இதைக் கண்டபோது என் கடைக்கு வந்து சண்டை போட்டவரையும் உப்பளத் தெருப் பெண்களையும் நினைத்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் கேட்டது ஒரே பிள்ளையிடம் கிடைத்துவிட்டது. அவளுடைய குரங்குக்குத் தமிழில் பெயர் புஜ்ஜி. திருட வரும் நரி, குள்ளநரி. அந்தப் பெயர்களை வைத்தவர் யாரோ, அவர் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும். புஜ்ஜி என்ற பெயர் எங்கள் தெருவில் இரண்டு நாய்க்குட்டிகளுக்கும் ஓர் ஆட்டுக்குட்டிக்கும் வைக்கப்பட்டது.

டோராவின் வித்தை என்னவென்றால், கேள்வி கேட்டுவிட்டு அவள் காத்திருப்பாள். கண்ணை இமைத்தபடி நேராக நம்மையே பார்த்துக்கொண்டு சில நொடி சும்மா நிற்பாள். அந்த இடைவெளி பதில் சொல்ல. ஒருநாள் வயர் சரி பார்க்க உப்பளத் தெருவில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஏணியில் இருந்து பார்த்தால் ஜன்னல் வழியே டிவி தெரிந்தது. நாலு வயதுப் பேத்தியும் 70 வயது ஆச்சியும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எந்த வழியாகப் போக வேண்டும் என்று டோரா கேட்டாள். பேத்தி வாயில் விரல் வைத்து யோசிக்கிறாள். ஆச்சிக்குப் பொறுக்கவில்லை. “ஏட்டி, பாலத்து வழியாச் சொல்லு, ஆத்துப் பக்கம் போனா முங்கிப்போவா” என்று டிவியைப் பார்த்துக் கை நீட்டினார். டோரா சரியென்று சொல்லிப் பாலத்தின் மேல் நடந்தாள். அதன் ஆங்கிலச் சொல்லையும் சொன்னாள். ஆச்சி அதைத் திருப்பிச் சொன்னார், “பிரிஜ்ஜு.” பள்ளிக்கூட வாசலே மிதிக்காதவர். நான் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு ஏணியில் அப்படியே நின்றுவிட்டேன். ரூபவாஹினி முயல் முன்னால் நாங்கள் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. அந்த முயல் எங்களை எதுவும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் எங்களால் பதில் சொல்லியிருக்க முடியாது.

அதன்பின் வந்தவை வேகமாக வந்தன. 2008-ல் சோட்டா பீம். ஹைதராபாத்தில் ராஜீவ் சிலகாவின் நிறுவனம் செய்தது, லட்டு தின்று பலம் பெறும் பையன், தமிழிலும் பேசினான். 2012-ல் டிஸ்கவரி கிட்ஸ், 2017-ல் சோனி யே, இரண்டிலும் தமிழ் ஒலி. அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்தது, செட்-டாப் பாக்ஸ் வந்தது, ஆடியோ பொத்தான் என் அறையை விட்டு வீடுகளுக்குப் போனது. 2019 பிப்ரவரியில் புதிய கட்டண முறை. 100 சேனலுக்கு வரியோடு 153 ரூபாய் 40 பைசா, கட்டணச் சேனல் ஒவ்வொன்றுக்கும் தனி விலை. வேண்டியதை டிக் அடித்துக் கொடுங்கள் என்று ஒவ்வொரு வீடாகப் பட்டியலோடு போனேன். பெரும்பாலான வீட்டில் சீரியலுக்கும் செய்திக்கும் டிக் விழுந்தது. பிள்ளைகள் சேனலுக்கு வந்ததும் பேனா நின்றது. “அதான் போன்ல பாக்குறானே அண்ணாச்சி.” அந்த வார்த்தையை எத்தனை வாசலில் கேட்டேன் என்று எண்ணவில்லை.

போனில் அவர்கள் பார்த்ததும் பல நேரம் நம் ஊர்ச் சரக்குதான். 2013-ல் சென்னையில் தொடங்கிய சூச்சூ டிவி யூடியூபில் உலகத்துப் பிள்ளைகளையே கட்டிப்போட்டது. முதலில் பாடியது ஆங்கிலக் குழந்தைப் பாடல்களை. தமிழ் பிறகு வந்தது. வரைகிறவர்களும் இசையமைப்பவர்களும் பேசுகிறவர்களும் நம்மிடம் இருக்கிறார்கள் என்பதற்கு இது ஒன்றே போதும். நம்மிடம் இல்லாதது ஆள் அல்ல.

2019 ஆகஸ்ட் 26-ல் தமிழக அரசு கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் அதன் ஸ்டூடியோ. அடுத்த ஆண்டே கொரோனா. பள்ளிகள் மூடியிருந்த அந்த மாதங்களில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் திரையில் வந்து பாடம் நடத்தினார்கள். வயர் அறுந்தால் இரவு பத்து மணிக்கும் போய் ஒட்டிக் கொடுத்தேன், மறுநாள் காலையில் கணக்குப் பாடம் இருக்குமே. சிலர் கேமராவை எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பேசினார்கள். எனக்குக் கண்மணிப் பூங்காச் சிறுமியைத் திரும்பப் பார்த்ததுபோல இருந்தது.

ஆனால் அது பாடம். நான் கேட்பது கதை. 40 வருடமாக எங்கள் தெருவுக்கு டிவியில் வந்த பிள்ளைகளைக் கணக்குப் பார்க்கிறேன். காட்டில் வளர்ந்தவன், அமெரிக்காவில் பிறந்தவள், லட்டு தின்கிற பையன். பின்னால் வந்தவர்களைத் தமிழ் பேச வைத்தோம், அது பெரிய காரியம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். டப்பிங்கிற்கு ஆகும் செலவு, புதிதாக எடுப்பதில் ஒரு சிறு பங்குதான். விளம்பரமும் மொழி மொழியாகப் பிரிந்து கிடக்கிறது. சேனல்காரர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பது தொழிலில் இருப்பவனுக்குத் தெரியாதா? ஆனாலும் ஹைதராபாத்தால் முடிந்திருக்கிறது. ‘மை டியர் பூத’த்தால் முடிந்திருக்கிறது. விடியும் முன் தாய் அளத்துக்குப் போனபின் தம்பிக்குத் தலை வாரிவிட்டு, தானும் சடை பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற ஒரு பிள்ளை இன்னும் எந்தக் கார்ட்டூனிலும் வரவில்லை.

சுட்டி டிவி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இப்போது 20, 25 வயது. அவர்களில் சிலர் சென்னையிலும் பெங்களூருவிலும் ஹைதராபாத்திலும் அனிமேஷன் வேலையில் இருக்கிறார்கள், வேறு தேசத்துப் பிள்ளைகளுக்காகப் படம் வரைந்து கொடுக்கிறார்கள். இதை அவர்களில் ஒருவர் படித்தால் போதும். தம்பி, தங்கச்சி, எங்கள் உப்பளத் தெருவுக்கு ஒருமுறை வாருங்கள். ஐந்தரை மணிக்கு வாருங்கள், பிள்ளைகள் விழித்திருப்பார்கள். அவர்களைப் பார்த்து ஒரே ஒரு கதை செய்யுங்கள். சேனல் கிடைக்குமா என்று கவலைப்பட வேண்டாம். என் வயரில் இன்னும் 140 வீடு இருக்கிறது. உள்ளூர்ச் சேனலில் நாலரை மணியை உங்களுக்காக ஒதுக்கித் தருகிறேன்.